தங்கச்சிமடம் மெயின் ரோட்டில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் என்ன செய்யலாம்?

கோட்டம்_எடுப்பவன்:

எல்லோருக்கும் வணக்கம். பஜாரில் எனக்கு சைக்கிள் கடை. அப்பா வைத்தது. 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறப்பதற்கு முன் இந்த ராமேஸ்வரம் தீவுக்குள் வர ரயிலை விட்டால் படகுதான். அப்போது கடையில் வாடகை சைக்கிள் ஓடியது. ரோட்டின் நடுவில் நின்று காற்றடிப்பேன் என்று அப்பா சொல்வார். இன்று அதே இடத்தில் என் கடை வாசல் படியில் உட்கார்ந்தாலே முழங்காலை ஒட்டிப் பேருந்து போகிறது.

போன மாதம் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பிள்ளையின் சைக்கிள் கடைக்கு வந்தது. அரசு கொடுத்த சைக்கிள். சீட்டு மேல் போட்ட பாலிதீன் உறைகூடக் கிழியவில்லை. பின் ரிம் அப்பளம் மாதிரி நெளிந்து, போக்ஸ் கம்பி பாதிக்கு மேல் போய்விட்டது. பிள்ளைக்கு முழங்கை எலும்பு முறிவு. வேன் தட்டிவிட்டது என்றார் அவளுடைய அப்பா. ரிம்மைக் கழற்றி வைத்துவிட்டு முன் டயரைத் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பின்னால் ஹாரன் கேட்டதும் பிள்ளை மண் ஓரத்தில் இறங்கியிருக்கிறாள். வண்டி போன பிறகு மறுபடி தாருக்கு ஏறப் பார்த்திருக்கிறாள். தார் விளிம்பு ஏறவிடவில்லை. டயர் விளிம்போடு உரசிக்கொண்டே போய், சைக்கிள் வலது பக்கம், ரோட்டுக்குள் சாய்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் பின்னால் வந்ததுதான் அந்த வேன்.

என் கடைக்கு எதிரே அந்த விளிம்பை விரல் வைத்து அளந்தேன். நாலு விரற்கடைக்கு மேல். பழைய தார் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார். ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, மண் ஓரம் அங்கேயே கிடக்கிறது. இப்படித் தேய்ந்த டயர் வருடத்துக்கு நாலைந்து பார்க்கிறேன். விழுந்தவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆட்டோக்காரர், வண்டி ஓட்டுபவர், கடைக்காரர், விவரம் தெரிந்தவர் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.


மல்லிகைக்கன்று:

அண்ணே, அந்தப் பிள்ளை எங்கள் தெருதான். கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

நடக்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். எங்களுக்குக் கன்று வியாபாரம். மல்லிகைக் கன்றைக் கட்டுக் கட்டி வெளியூருக்கு ஏற்ற, பஸ் வரும் பக்கத்துக்கு ரோட்டைத் தாண்ட வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, ஒரு கண்ணில் புரை. வண்டி தெரிகிறது, ஆனால் அது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது தெரியவில்லை. "தூரத்துலதான வருது" என்று காலை எடுத்து வைக்கிறாள், நடுவில் போனதும் அது பக்கத்தில் நிற்கிறது. பாதியில் திரும்பி ஓடி வருவாள். அதைப் பார்க்கும்போது என் உயிர் என்னிடம் இருக்காது. இப்போது தலையில் கன்றுக் கட்டை வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தபடிதான் தாண்டுகிறாள். நான் இல்லாத நாளில் ரோட்டோரம் நின்று யாராவது கூட்டிப் போவார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.


ராம்நாட்_ராஜா:

நாலு இடத்தில் ஸ்பீடு பிரேக்கர் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்தது.


ஐஸ்பெட்டி:

நான் மீன் வண்டி ஓட்டுகிறேன். இறால், நண்டு, கணவாய். ராமேஸ்வரத்தில் ஏற்றினால் தூத்துக்குடி, சில நாள் கேரளா. டிரைவர்களைத்தான் எல்லோரும் திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

எங்களுக்கு நேரம்தான் கூலி. ஐஸ் கரைந்தால் விலை இறங்கும். ஏற்றின நிமிடத்திலிருந்து முதலாளி போன் பண்ணிக்கொண்டே இருப்பார். ஊருக்குள் 30-ல் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இங்கே ஊர் எங்கே தொடங்குகிறது என்று ரோடு சொல்லவே இல்லை. பாலம் இறங்கியதிலிருந்து ஒரே அகலம், ஒரே நேர்கோடு. அக்காள்மடம் தாண்டினாலும் அப்படி, பஜார் வந்தாலும் அப்படி. கால் தானாக அழுத்துகிறது. பஜாரில் ரோட்டோரம் வரிசையாக பைக் நிற்பதால் அதற்குப் பின்னாலிருந்து ஆள் வருவது கடைசி நொடியில்தான் தெரியும். மண்டபம் பக்கம் சில வளைவில் சீமைக் கருவேலம் ரோட்டுக்குள் கை நீட்டி நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் சைக்கிள் வந்தால் தெரியாது. ராத்திரியில் எதிர் வண்டி ஹைபீம் அடித்தால் இரண்டு நொடி நான் குருடன்.

ஸ்பீடு பிரேக்கர் பற்றி: போட்டால் நானும் குறைப்பேன், சரி. ஆனால் கோடு அடிக்காமல், போர்டு வைக்காமல் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட ஒன்றில், பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த ஓர் அம்மா தூக்கி எறியப்பட்டதை நேரில் பார்த்தேன். என் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். அதனால் ராஜா தம்பி சொல்வது போல் "வேலை முடிந்தது" என்று விட முடியாது.


கோட்டம்_எடுப்பவன்:

அண்ணே, நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். மீன் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போகிறதே, அது பஜார் வளைவில் கொழகொழவென்று கிடக்கிறது. அதில் வழுக்கி விழுந்த பைக்கும் சைக்கிளும் எத்தனையோ.


ஐஸ்பெட்டி:

கோபம் இல்லை, உண்மைதான். அடியில் ஒரு தொட்டி கட்டி, குழாயை மூடி வைத்து, ஊர் தாண்டி நின்று திறந்துவிடலாம். என் வண்டியில் அப்படித்தான். செலவு பெரிதில்லை. எல்லா வண்டியும் செய்ய வேண்டுமென்றால், ஏற்றுகிற இடத்திலேயே "தொட்டி இல்லாத வண்டிக்கு லோடு இல்லை" என்று வியாபாரிகள் சொன்னால் போதும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். பெரும்பாலான வண்டிகள் பட்டறையில் நிற்கும். அந்த 61 நாளில் கட்டிவிடலாம்.


பலசரக்கு:

நானும் பஜார்தான். நடைபாதை, தடுப்புக்கட்டை எல்லாம் போட்டால் என் கடைக்கு எதிரே வண்டி நிற்க முடியாது. பைக்கில் வந்து, இறங்காமலே "அண்ணே, ஒரு கிலோ சீனி" என்று கேட்பவர்தான் எனக்குப் பாதி வியாபாரம். அவர் நிற்க இடமில்லாமல் அடுத்த ஊருக்குப் போனால் என் குடும்பம் என்ன செய்யும்? நடைபாதை போட்டாலும் ஒரு மாதத்தில் அதன் மேல் பைக்தான் நிற்கப் போகிறது. இதையும் யோசியுங்கள்.


ஓய்வுபெற்ற_பொறியாளர்:

நெடுஞ்சாலைப் பணியில் 31 வருடம் இருந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மல்லிகைக்கன்று அம்மா சொன்னதுதான் இதில் முக்கியம். இருவழிச் சாலையின் தார் அகலம் 7 மீட்டர். தார் போட்ட ஓரங்களையும் சேர்த்தால் 10. வயதானவர் அதைத் தாண்ட 10 முதல் 12 நொடி எடுப்பார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 12 நொடியில் 200 மீட்டர் வந்துவிடும். அதாவது உங்கள் அம்மா காலெடுத்து வைக்கும்போது 150 மீட்டருக்கு அப்பால் புள்ளியாகத் தெரிகிற வண்டிகூட, அவர் அந்தப் பக்கம் சேர்வதற்குள் வந்து நிற்கும். அவர் கணிப்பில் தவறில்லை. அந்த ரோட்டை ஒரே மூச்சில் தாண்ட அவரால் முடியாது, அவ்வளவுதான். நடுவில் ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலத்தில், ஆள் நிற்கும்படி ஒரு திட்டு வேண்டும். ஒரு பக்கம் பார்த்துப் பாதி. நின்று, மறுபக்கம் பார்த்து மீதி. கண் மங்கியவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

அடுத்தது நிறுத்தும் தூரம். ஆளைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள். 60-ல் வந்தால் அந்த ஒரு நொடியிலேயே 17 மீட்டர் போய்விடும். காய்ந்த தாரில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20. மொத்தம் 37. 30-ல் வந்தால் 8-ம் 5-ம், 13 மீட்டரில் நிற்கும். வேகம் பாதியானால் மோதும் ஆற்றல் நாலில் ஒன்றாகிறது. 30-ல் இடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். 60-ல் உயிர் போகிற ஆபத்து பல மடங்கு அதிகம். அதனால்தான் ஊருக்குள் 30 என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள்.

அந்த 30-ஐ எப்படிக் கொண்டுவருவது? போர்டு வைத்தால் மட்டும் வராது. ஐஸ்பெட்டி தம்பி சரியாகப் பிடித்துவிட்டார்: ஊர் தொடங்குகிறது என்பதை ரோடு சொல்ல வேண்டும். ஊர் எல்லையில் ஒரு வாசல் மாதிரி. இரண்டு பக்கமும் கட்டை கட்டி வண்டிப் பாதையைக் கொஞ்சம் ஒடுக்குவது, நடுத்திட்டு, அதற்கு முன் சடசடக்கும் வெள்ளைப் பட்டைகள், நல்ல விளக்கு. அதன் பிறகு பஜாரில் ஆள் தாண்டும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிடுவது. மேடை மாதிரி. வண்டி அதன் மேல் ஏறி இறங்க வேண்டும், நடப்பவர் சமதளத்தில் போவார்.

சாதாரண வேகத்தடை என்றால், சாலைகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதியில் அளவு இருக்கிறது: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டரில் வருபவருக்கு அது உடம்பில் படாது. நம் ஊர்களில் ஓர் அடி அகலத்தில் வரப்பு மாதிரி போடுவது அந்த விதியில் சேராது. மெதுவாக வருபவரையும் அது முதுகில் அடிக்கும். தம்பி பார்த்த அந்த அம்மா விழுந்தது அதனால்தான்.

நடைபாதைக்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5 மீட்டர் என்று அதே காங்கிரஸின் வழிகாட்டி சொல்கிறது. உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். முழங்கால் உயரத்துக்குக் கட்டினால் யாரும் ஏற மாட்டார்கள், ரோட்டிலேயே நடப்பார்கள். இன்னொன்று, இங்கே உப்புக் காற்று. இரும்புத் தடுப்பு வைத்தால் சீக்கிரமே துருப்பிடித்து முறிந்து, நீட்டிக்கொண்டு நிற்கும். கல் தூணோ கான்கிரீட்டோதான் சரி.

தார் விளிம்பு: புதுத் தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும். இல்லையென்றால் ஓரத்தைச் சரளை கொட்டி அதே மட்டத்துக்கு இறுக்க வேண்டும். அது வேலையின் ஒரு பகுதி, தனியாகக் கேட்கிற சலுகை இல்லை. நான் பணியில் இருந்தபோது அதை விட்டுக்கொடுத்த இடங்கள் உண்டு. இன்று அந்த டயரைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை.


கீழக்கரை_வாப்பா:

பொறியாளர் அய்யா சொன்னது எல்லாம் சரி. இதோடு ஒன்று: 2025 ஜூலையில் பரமக்குடி – ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரை நாலு வழியாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது முடிந்தால் மதுரையிலிருந்து நாலு வழியில் பறந்து பழகிய கால் அப்படியே உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் என்று வரும். இப்போதே ஏற்பாடு செய்யாவிட்டால் பிறகு கஷ்டம்.


மல்லிகைக்கன்று:

கீழக்கரை அண்ணன் சொல்வது எனக்கும் பயமாக இருக்கிறது. இப்போதே ஆடி, தை அமாவாசை சமயத்தில் விடியற்காலை நாலு மணிக்கு வேன்கள் வருகிற வேகம் வேறு. ராத்திரி முழுக்க ஓட்டி, விடியும்போது அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட வேண்டும் என்று வருகிறார்கள். ஓட்டுபவர் கண்ணில் தூக்கம். அதே நேரத்தில்தான் மீன் வாங்கக் கூடையோடு பெண்கள் ரோட்டோரம் நடக்கிறார்கள். இருட்டில் அவர்கள் சேலைகூடத் தெரியாது.

2017-ல் பேய்க்கரும்பில் கலாம் அய்யா நினைவிடம் திறந்தார்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ரோடு போட்டதும் அந்த வருடம்தான். அதற்குப் பிறகு சுற்றுலா வண்டி வராத நாளே இல்லை. வரட்டும், நம் ஊருக்கு நல்லதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி, கும்பலாக ரோட்டைத் தாண்டுகிற இடங்களில் அய்யா சொன்ன அந்த மேடை முதலில் வேண்டும்.


பலசரக்கு:

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.


கோட்டம்_எடுப்பவன்:

மன்னிக்கணும் அண்ணே. நேற்றுக் கடை அடைத்ததும் உங்கள் வரிசையில் நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். காலையில் நிற்கிற பைக்கில் பெரும்பாலானவை உங்கள் வாடிக்கையாளருடையது இல்லை. கடைக்காரர்களாகிய நம்முடையது, நம் கடைப் பையன்களுடையது. காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் இரவு ஒன்பதுக்குத்தான் எடுக்கிறோம். என்னுடைய டிவிஎஸ் 50-யும் அதில் ஒன்று. நாம் எல்லோரும் பின்தெருவில் நிறுத்தினால், சீனி வாங்க வருகிறவர் அஞ்சு நிமிடம் நிற்க இடம் தானாகக் கிடைக்கும். நடைபாதைக்கும் தாருக்கும் நடுவே, பத்துக் கடைக்கு ஒரு இடம் என்று வெட்டி, கோடு போட்டு பைக் நிறுத்த விடலாம். ஆனால் ஆள் தாண்டும் மேடைக்கு முன்னும் பின்னும் ஒரு வண்டியும் நிற்கக் கூடாது. பைக்குக்குப் பின்னாலிருந்து பிள்ளை திடீரென்று வருவதைத்தானே ஐஸ்பெட்டி அண்ணன் சொன்னார்.

நடைபாதை மேல் பைக் ஏறாமலிருக்க மூன்றடிக்கு ஒரு கல் தூண் போதும். சக்கர நாற்காலி நுழையும், பைக் நுழைந்தாலும் சுலபமாக இருக்காது.

மீன் விற்கும் அக்காமார்களை மட்டும் யாரும் துரத்தக் கூடாது, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடைபாதை என்றதும் முதலில் எழுப்பிவிடுவது அவர்களைத்தான். அவர்களுக்கு நிழலும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஓர் இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிட்டு அதன் பிறகுதான் மற்றது.


பலசரக்கு:

சரி. பைக்கைப் பின்தெருவில் நிறுத்த நான் தயார். என் வரிசையில் நாலு பேரிடம் நானே பேசுகிறேன். 2019-ல் சென்னை பாண்டி பஜாரில் அகல நடைபாதை திறந்தபோது அங்கே இருக்கிற என் மச்சானும் என்னை மாதிரித்தான் பயந்தான். இப்போது நடந்து வருபவர்கள் நின்று பார்த்து வாங்குகிறார்கள் என்கிறான். நம் ஊர் பாண்டி பஜார் இல்லை, ஆனாலும் அவன் சொன்னதைச் சொல்கிறேன்.


இரவுப்பணி_செவிலியர்:

விபத்து வார்டில் வேலை. ஐஸ்பெட்டி அண்ணன் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு போனது போல் எல்லோரும் போக வேண்டும் என்பதற்காக இரண்டு விஷயம்.

அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரின் பெயர், முகவரியைச் சொல்லும்படி போலீஸோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்த முடியாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்று இதற்காகவே ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாட்சி, கோர்ட் என்று பயந்து ஒதுங்கி நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒதுங்க வேண்டாம்.

பணத்துக்கும் பயப்பட வேண்டாம். "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரம் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை. வெளிமாநில யாத்ரீகருக்கும் உண்டு.

ஆனால் நம் தீவுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. தலைக்காயம் என்றால் ராமநாதபுரம் போக வேண்டும், தங்கச்சிமடத்திலிருந்து 45 கிலோமீட்டர் அளவில். வழி ஒன்றுதான், பாலமும் ஒன்றுதான். அமாவாசை நெரிசலில் 108 அந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டு சைரனோடு நின்ற இரவுகள் எனக்கு மறக்காது. மற்ற ஊரில் அடிபட்டவருக்கு இருக்கிற நேரம் நம் ஊரில் அடிபட்டவருக்கு இல்லை. இங்கே அடிபடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.


ராம்நாட்_ராஜா:

முதலில் சட்டென்று எழுதிவிட்டேன். இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. யாரிடம் மனு கொடுப்பது?


ஓய்வுபெற்ற_பொறியாளர்:

தேசிய நெடுஞ்சாலை 87 என்பதால் ஊராட்சி நேரடியாகக் கை வைக்க முடியாது. ஆனால் கிராம சபைத் தீர்மானத்துக்கு எடை உண்டு. அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15 என்று வருடத்தில் ஆறு கூட்டம். தீர்மான நகலோடு திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுங்கள். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நெடுஞ்சாலை, போலீஸ், போக்குவரத்து மூன்று துறையும் அதில் இருக்கும்.

மனுவில் இரண்டு விஷயத்தைக் குறிப்பிடுங்கள். ஒன்று, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடப்பவருக்கு நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் சேரும் என்று சொல்லியிருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-ல் போட்ட வழக்கு அது. இரண்டு, மோட்டார் வாகனச் சட்டம் 198-ஏ. சாலையை வடிவமைப்பதிலும் பராமரிப்பதிலும் பாதுகாப்பு விதியைப் பின்பற்றாமல் உயிர்ச்சேதமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"விபத்து அதிகம், நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். எந்த இடத்தில், தார் விளிம்பு எத்தனை சென்டிமீட்டர், எந்தக் கடைக்கு எதிரே மக்கள் தாண்டுகிறார்கள், எந்த விளக்கு எரியவில்லை என்று வரைபடத்தோடு கொடுங்கள். அதை ஒதுக்கி வைப்பது கஷ்டம். அளக்க நான் வருகிறேன்.


கோட்டம்_எடுப்பவன்:

அய்யா, ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என் கடை வாசல். 30 மீட்டர் டேப் நான் கொண்டுவருகிறேன். சுண்ணாம்புப் பொடி பலசரக்கு அண்ணன் தருகிறார். மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பக்கம், திரும்பி வரும்போது மறுபக்கம். தார் விளிம்பு மூன்று விரற்கடைக்கு மேல் எங்கே இருந்தாலும் சுண்ணாம்பு அடித்து போட்டோ.


ஐஸ்பெட்டி:

சனி ராத்திரி லோடு இருக்கிறது. ஆறரைக்குள் வந்துவிடுவேன். வண்டியைப் பஜாரில் 30-லும் 60-லும் ஓட்டிக் காட்டச் சொன்னால், 30-ல் மட்டும் ஓட்டிக் காட்டுகிறேன். எங்கே எனக்கு ஆள் தெரியவில்லை என்று சீட்டிலிருந்தே சொல்கிறேன், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். கருவேலம் வெட்ட அரிவாளும் எடுத்து வருகிறேன்.


மல்லிகைக்கன்று:

நான் அம்மாவைக் கூட்டி வருகிறேன். அவள் எந்த இடத்தில் தாண்டுகிறாளோ, எத்தனை நொடி ஆகிறதோ, அதை எழுதுங்கள். அந்தப் பிள்ளையும் வருகிறேன் என்கிறாள். இடது கையால் எழுதப் பழகிவிட்டாளாம், கணக்கு அவள் எழுதட்டும். அண்ணே, அவள் சைக்கிள் எப்போது ஆகும்?


கோட்டம்_எடுப்பவன்:

ரிம் வந்துவிட்டது. கம்பி கோத்துவிட்டேன், ரிம் நேராகச் சுற்றும்படி கோட்டம் எடுப்பதுதான் பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்துவிடுவேன். அந்தப் பழைய முன் டயரை மட்டும் கடையில் மாட்டி வைத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸுக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகலாம்.